மேனேஜரின் வருத்தம்

“‘அபாலஜி’ வேண்டாம். ‘ரிக்ரெட்’னு அடிம்மா” என்றார் எஸ்டேட்டின் புது மேனேஜர் ரகுநாதன்.

டைப்பிஸ்ட் பூங்கொடி நிமிர்ந்தாள். “ரிக்ரெட்னா நடந்ததுக்கு வருத்தப்படறதுங்க சார். அபாலஜின்னாத்தான் மன்னிப்பு.”

“அதனாலதான் சொல்றேன். பழம் பறிக்கிறவங்களுக்கு இந்த வித்தியாசம் எங்க தெரியப்போகுது?”

பச்சைக்காய் கலந்திருக்கிறது என்று சொல்லி, எல்லார் முன்னாலும் மாதம்மாளின் காப்பிப் பழக் கூடையை அவர் காலால் எத்திவிட்டிருந்தார். மன்னிப்புக் கடிதம் நோட்டீஸ் போர்டில் ஏறும்வரை வேலை இல்லை என்று, மூன்று நாளாக யாரும் தோட்டத்தில் இறங்கவில்லை. பழமெல்லாம் செடியிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

பூங்கொடி அடித்த கடிதத்தை நீட்டினாள். “ஒருக்காப் படிச்சுப் பாத்துருங்க சார்.”

“நீ அடிச்சா சரியாத்தான் இருக்கும்.” மற்றக் கடிதங்களோடு அதிலும் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் எல்லாரும் கூடையோடு வந்துவிட்டார்கள். ரகுநாதன் ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியா? ஒருத்தருக்காவது வித்தியாசம் தெரிஞ்சுதா?”

“எல்லாருக்கும் தெரியுங்க. நேத்தே படிச்சுச் சொல்லிட்டேன். அபாலஜின்னு இருக்கப்போயித்தான் வந்திருக்காங்க.”

ரகுநாதனின் சிரிப்பு நின்றது. “நான் ரிக்ரெட்னுதானே சொன்னேன்?”

“சொன்னீங்க. படிக்காம கையெழுத்துப் போட்டதும் நீங்கதானுங்க.”

“யாரோ ஒரு கூடைக்காரிக்காக உன் வேலையையே தொலைச்சுக்கப் போறியா?”

“அந்தக் கூடையச் சுமந்துதானுங்க சார், எங்கம்மா என்னை டைப் அடிக்கப் படிக்க வெச்சாங்க.”