புள்ளியா, காலா

“புள்ளியா, காலா? சீக்கிரம் சொல்லும்மா. கை வலிக்குது.”

கல் கொத்துகிறவர் உளியைக் கடைசி எழுத்தின் மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அப்பாவின் கல்லறைக்கான கல். அதில் இதுவரை கொத்தியிருப்பது இவ்வளவு: உன் பாவம் எத்தனை சிவப்பானாலும் பனிபோல் வெளுக்கும

கடைசி ‘ம’ மொட்டையாக நிற்கிறது. தலையில் ஒரு புள்ளி வைத்தால் ‘வெளுக்கும்’. பக்கத்தில் ஒரு கால் போட்டால் ‘வெளுக்குமா’.

தாளில் எழுதிக் கொடுத்தவள் நான். மொட்டையாக விட்டதும் நான்தான்.

“நாலு வருஷம் எபிரேயு படிச்சவ, ஒத்த எழுத்துல வந்து முழிக்கிறா பாருங்கண்ணே” என்றாள் அம்மா.

அம்மாவுக்குத் தமிழே படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதுவும் ஒரு வேலைக்கும் உதவாத பட்டம் என்று சித்தப்பா இன்றைக்கும் சிரிப்பார். ஏன் அந்தப் படிப்பை எடுத்தேன் என்று யாரும் கேட்டதில்லை.

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் எடுத்தேன்.

பைபிள் மூலத்தில் இதற்குக் கேள்விக்குறி இல்லை. அந்தக் காலத்து எபிரேயத்தில் கேள்விக்குறி என்ற ஒன்றே கிடையாது. பெரும்பாலானவர்கள் இதை வாக்குறுதியாகப் படிக்கிறார்கள். சிலர் மட்டும், தீர்க்கதரிசி கேள்விதான் கேட்கிறார் என்கிறார்கள். இவ்வளவும் செய்துவிட்டு வெளுத்துவிடுமாக்கும் என்று.

அந்த வரியில் சிவப்புக்கு வரும் சொற்களில் ஒன்றுக்குப் புழு என்றும் பொருள். பூச்சியை நசுக்கி எடுத்த சாயம். லேசில் போகாது. போதகர்கள் புழுவைச் சொல்ல மாட்டார்கள். பனியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

கொஞ்சம் வெளியே போய் யோசிக்கலாம் என்றால் வழி இல்லை. ஒரு லாரி பின்பக்கமாக வந்து பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு கல் இறக்குகிறது. மற்ற மூன்று பக்கமும் சுவரில் சாய்த்த கற்கள். மூச்சு விட்டால் கல்தூள்.

அப்பா, பை தைக்கும் ஒரு கம்பெனியில் காவலாளி. வேலை நேரத்தில் ஒருத்தியும் வெளியே போகக் கூடாது என்று பின்கதவை வெளிப்பக்கம் பூட்டச் சொல்வார்கள். பூட்டுவார். ஒருநாள் மத்தியானம் உள்ளே தீப்பிடித்தது. சாவியைக் காணோம். பூட்டை உடைப்பதற்குள் நான்கு பெண்கள் செத்துப்போனார்கள்.

கோர்ட்டில் அப்பா, “குடிச்சிருந்தேன். எங்கயோ தொலைச்சிட்டேன்” என்றார்.

குடித்தவன் பக்கத்தில் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற மனிதர். பூட்டச் சொன்ன முதலாளியோ பின்வரிசையில் உட்கார்ந்து, அப்படித்தான் அப்படித்தான் என்று தலையாட்டினான். அப்பா மூன்று வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு செத்த மாதம்வரை வாயைத் திறந்து பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

நான் வாங்கிய முதல் பட்டம் குடிகாரன் மகள்.

அந்த நான்கு பெண்களும் அப்பா கிடக்கும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் வருவார்கள். இந்தக் கல்லைப் படிப்பார்கள். புள்ளி இருந்தால் காறித் துப்புவார்கள். கால் இருந்தால் யாராவது ஒரு புண்ணியவதி அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள்.

“எனக்கு ஒண்ணுதாம்மா புரியல. போனது அவரு. ‘என் பாவம்’னுதானே வரணும்?” என்றார் கல் கொத்துகிறவர்.

“அதெல்லாம் மாத்தக் கூடாதுண்ணே. மூச்சு இழுக்கும்போதுகூட ‘உன்’னுதான் போடணும்னாரு. எழுதுறத பாப்பா பாத்துக்குவான்னாரு.”

பாப்பா நான்தான்.

இதைக் கேட்டு வீட்டிலேயே சண்டை போட்டேன். மூலத்தில் ‘உங்கள்’ என்று இருக்கிறது, பன்மை, ஒரு ஜனத்தையே பார்த்துச் சொன்னது, அப்பாவுக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். அம்மா அசையவில்லை.

இப்போது கல்லுக்கு நேர் எதிரே நிற்கிறேன்.

கல் தனக்குத் தானே பேசிக்கொள்ளாது. எதிரே நின்று படிக்கிறவளைப் பார்த்துத்தான் பேசும்.

உன்.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. சாவி மாட்டும் ஆணி காலியாக இருந்ததைப் பார்த்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அன்று என் பள்ளியில் பரிசளிப்பு. வர முடியாது, கதவை யார் பார்த்துக்கொள்வது என்றார் அப்பா. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவள், கோபத்தில் ஆணியிலிருந்த சாவியை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சாவி இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் வருவார். பத்து வயசு மூளை அவ்வளவுதான் போனது.

“ஏன்டி மரம் மாதிரி நிக்கிற? வாயத் திறந்து சொல்லேன்.”

கைப்பைக்குள் கையை விட்டேன். அடியில் கிடந்ததை எடுத்துக் கல்லின் மேல், மொட்டை எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஒரு சாவி. மற்ற சாவிகளோடு குழம்பாமலிருக்கத் தலையில் சிவப்பு நூல் சுற்றியது. பதினான்கு வருஷம் வெயிலே படாமல் வைத்திருந்ததால் அப்படியே இருந்தது, சுற்றிய அன்றைக்கு இருந்த சிவப்பில்.

“புள்ளியா காலான்னு அம்மாவையே கேளுங்க” என்றேன்.

கல் கொத்துகிறவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. நூலைத் தெரியும். சுற்றியவள் அவள்தான்.