பாதிக் கிண்ணம்

“போதும், எழுந்திருங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை. மினேகோவின் முன்னால் இருந்த கிண்ணத்தை வெடுக்கென்று எடுத்துவிட்டார் கடைக்காரர் ஷோகிச்சி. அதில் பாதி ஹித்சுமி அப்படியே ஆவி பறந்துகொண்டிருந்தது.

மாவைக் கையால் பிய்த்துப் போட்டு, கோழிக்கறியோடு கொதிக்க வைக்கிற அந்த ஹித்சுமிக்காகத்தான் ஒசாகாவிலிருந்து ரயில் மாறி ரயில் மாறி இந்த இவாத்தே மலைக்கு வந்திருந்தாள் மினேகோ.

“ஐயா, நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல!”

“பஸ் வந்துடும்.”

“வரட்டுமே. சத்தம் கேட்டதும் ஓடிப் போய் ஏறிக்கறேன். வாசல்லதானே நிக்கும்?”

“இன்னிக்கு இதான் கடைசி பஸ். கிளம்புங்க.”

“ரெண்டே வாய் ஐயா…”

“காசுகூட வேண்டாம். நீங்க எழுந்து போனா போதும்.”

மினேகோவுக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்குள் அவளுடைய பையைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார் மனிதர்.

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. பஸ்ஸைக் காணோம். அவள் நடுங்கி, மனசுக்குள் திட்டித் தீர்த்த பிறகுதான் வந்தது.

வேறு பயணிகள் இல்லை. வண்டியை ஓட்டியவள் ஓர் இளம்பெண். மினேகோ அவளுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தாள்.

“உங்க ஊர்ல விருந்தாளியை இப்படித்தான் கவனிப்பீங்களாம்மா? வாயில வெச்சதைப் பிடுங்காத குறைதான்!”

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தாள். பஸ் நகர்ந்த பிறகும் ஷோகிச்சி பனியில் நனைந்தபடி வாசலிலேயே நின்றிருந்தார்.

“ஒரு காலத்துல அவர் கடையில ஒரு கிண்ணத்தோட யாரும் எழுந்திருக்க முடியாதும்மா. ‘குளிருக்கு இன்னொண்ணு சாப்பிடு’ன்னு கையைப் பிடிச்சு உக்கார வெப்பார்.”

“இப்ப கஞ்சனாயிட்டாராக்கும்?”

“ஒரு பனிக்காலத்துல அப்படித்தான் ஒருத்தரை உக்கார வெச்சார். பேச்சு சுவாரசியத்துல கடைசி பஸ்ஸை விட்டுட்டாங்க. ‘ராத்திரி இங்கயே படுத்துக்கோ’ன்னு இவர் கெஞ்சிப் பாத்திருக்கார். அவர் கேக்கல. ‘வீட்டுல பொண்ணு தனியா இருப்பா’ன்னு மலைப்பாதையில நடந்தே கிளம்பிட்டார்.”

“வீடு போய்ச் சேந்தாரா?”

“பனி உருகினப்பதான் கிடைச்சார்.”

மினேகோ மடியில் இருந்த கையுறைகளை எடுத்து மெல்ல மாட்டிக்கொண்டாள்.

ஓட்டுநரே தொடர்ந்தாள். “நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். ‘எவ்வளவு நேரமானாலும் காத்திருந்து ஏத்திட்டுப் போறேன், வந்தவங்களை நிதானமா சாப்பிட விடுங்க’ன்னு. சரி சரின்னு தலையை ஆட்டுவார். மறுநாள் மறுபடியும் கிண்ணத்தைப் பிடுங்குவார்.”

“நீ இவ்வளவு சொல்லியும் நம்ப மாட்டேங்கறாரா?”

வளைவில் வண்டியை நிதானமாகத் திருப்பினாள் அவள்.

“என் முகத்தைப் பாத்தா அவருக்கு எப்படிம்மா நம்பிக்கை வரும்? அன்னிக்கு வீட்டுல தனியா காத்திருந்த பொண்ணு நான்தானே.”