தட்டிவிட்டுத் திறக்கவும்

கேமரா என்ற சொல்லுக்கு லத்தீனில் அறை என்று பொருள். அதைப் படித்த நாளிலிருந்து, கேமரா ரிப்பேர் பார்க்கும் அப்பா எதையும் நகத்தால் தட்டிவிட்டுத்தான் திறப்பார். "அடுத்தவங்க ரூமுக்குள்ள அப்படியே நுழையலாமா?" என்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அம்மா இறந்த பிறகு, அவளுடைய பழைய கேமராவை நேற்றுதான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அப்பா தட்டினார். காதில் வைத்துக் கேட்டார். திறக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னப்பா, திறக்கலையா?"

"உங்கம்மா என்னிக்குச் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருக்கா? சீப்பைக் காணோம்னு தேடுறா."

நான் சிரித்தேன். கேமராவுக்குள் ஒரு டிராயர் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

அம்மாவின் சீப்பு என் கொண்டையில் இருந்தது. அதை மெதுவாக உருவி, கேமராவின் பக்கத்தில் வைத்தேன்.