சந்தனம் வைத்த தோட்டா

"தோட்டாவுக்கு யாராவது சந்தனம் வைப்பாங்களாடி?"

பர்மிய மரியாதைப்படி 'ஊ' சேர்த்து அழைக்கப்படும் குழந்தைவேலு போட்ட சத்தம் தின்கன்ஜூன் தெரு முழுக்கக் கேட்டது.

அன்று ஆயுத பூஜை. தையல் மிஷின், அரிவாள்மனை, ரைஸ் குக்கர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த ஜெயம்மா, கணவர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து லைசென்ஸ் எடுத்து வாங்கிய கைத்துப்பாக்கிக்கும் வைத்தாள். அதோடு நின்றிருக்கலாம். தோட்டாக்களையும் விடவில்லை.

"பத்துக்கும் முனையிலே குழி இருந்துச்சு. பொட்டு வைக்கத்தான் இடம் விட்டிருக்காங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பூட்டுக்கடை பர்கத்துல்லா ஓடி வந்தார்.

"வாங்க பாய், நீங்களே கேளுங்க. இது சாதாத் தோட்டா இல்லே. திருடன் உடம்பிலே பாய்ஞ்சதும் இந்தக் குழி பூ மாதிரி விரியும். தோட்டா உள்ளேயே நின்னுடும். குழியிலே சந்தனத்தை அப்பினா விரியாது. அவனைத் துளைச்சு, இந்த ஒத்தைச் செங்கல் சுவரையும் துளைச்சு, உங்க வீட்டுக்குள்ளே வந்துடும்!"

பர்கத்துல்லாவின் முகம் வெளுத்தது. "சுவருக்கு அந்தப் பக்கம்தானே அண்ணே எம் மக ரிஹானா கட்டில் கிடக்கு?"

"அதுக்காகத்தானே தேடிப் பிடிச்சு இதை வாங்கினேன்!"

"உள்ளே விரிஞ்சா, அந்த ஆளு என்ன ஆவான்?"

"கொத்துக்கறிதான்" என்றார், நவராத்திரி ஒன்பது நாளும் முட்டைகூடத் தொடாத குழந்தைவேலு.

பிறகு பல்குத்தும் குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு குழியாகச் சந்தனத்தை நோண்டி எடுத்தார். பெற்ற பிள்ளைக்குக் காது குடைந்துவிடுகிறவர்கள்கூட அத்தனை பதமாகச் செய்ய மாட்டார்கள்.

பர்கத்துல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் பிள்ளைக்காக இவ்வளவு பாக்கிறீங்களே அண்ணே! அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசு கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயம்மாவுக்கும் மனசு இளகிப்போனது. திட்டு வாங்கியதையே மறந்துவிட்டாள்.

"ரிஹானா மேலே உங்களுக்கு இம்புட்டுப் பாசமா?"

குழந்தைவேலு கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரிஹானாவா? உன் நகைப் பெட்டி அந்தக் கட்டிலுக்கு அடியிலே இருக்குடி! பத்திரமா வைங்கன்னு போன மாசமே பாய்கிட்ட கொடுத்துட்டேன்."

"அங்கே எதுக்கு? நம்ம வீட்டிலேதான் துப்பாக்கி இருக்கே?"

"துப்பாக்கியை நம்பி நகையை வீட்டிலே வைக்க நான் என்ன பைத்தியமா?"