சட்டைப் பை

மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த தவசி, இடது மார்பைத் தட்டியபடியே இருந்தார். "வீட்ல ஏதும் மூச்சு மாத்திரை போட்டாவளா?" என்று நர்ஸ் பியூலா கேட்டாள். போட்டிருந்தால், அவள் கையிலிருந்த மருந்து இதயத்தைத் தறிகெட்டு ஓடவைத்துவிடும். "ஒண்ணும் போடலம்மா, வெரசா ஏத்துங்க" என்றாள் மனைவி செல்லக்கிளி. பியூலா அவசரப்படவில்லை, இருபது நிமிடம் பிடிக்கும் ஊசி அது. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டைவிரலை அழுத்தினாள். மானிட்டரில் துடிப்பு நூற்றுப்பத்திலிருந்து நூற்றுமுப்பதுக்கு ஏறியது. தவசி மறுபடியும் மார்பைத் தட்டினார். "நெஞ்சு வலிக்கா அண்ணாச்சி?" இல்லையென்று தலையாட்டிவிட்டு, அதே இடத்தை இன்னும் வேகமாகத் தட்டினார். வெறும் மார்பு. வயர் ஒட்டுவதற்காகச் சட்டையைக் கழற்றச் சொன்னதே அவள்தான். பியூலாவின் விரல் நின்றது. "அக்கா, அவிய சட்டை எங்க?"

செல்லக்கிளி மடியில் சுருட்டி வைத்திருந்த சட்டையை நீட்டினாள். பையில் ஒரு மாத்திரை அட்டை. மூன்று குழிகள் காலி. மூச்சு மாத்திரையின் பெயரைப் படித்ததும் பியூலா ஊசியைக் கழற்றிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். பாதி மருந்து உள்ளே போயிருந்தது. "தலைவலி மாத்திரைன்னுல்லா இவிய எங்கிட்ட சொன்னாவ" என்றாள் செல்லக்கிளி. தவசியின் கை தட்டுவதை நிறுத்தியது. திரையில் எண் ஏறிக்கொண்டே இருந்தது.