குளக்கரையில் களையெடுப்பு

காலை வெயிலில் பூங்காக் குளக்கரை முழுக்க ஒரே மாதிரிப் பச்சை டீஷர்ட்டுகள் மினுங்குகின்றன. சேவை செய்ய வந்த உத்தமர்கள். பத்துச் செடி பிடுங்குவதற்குள் நாலு முறை தங்களையே படம் எடுத்துக்கொண்டாகிவிட்டது. கையுறைகளில் கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. அவர்களுடைய தலைவர் மட்டும் மும்முரமாக, முழங்கால் உயரம் நிற்பதையெல்லாம் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக் குவிக்கிறார். தோட்டக்காரிக்குப் பொறுக்கவில்லை. "சார், அது களை இல்ல. கன்னு." அவர் நிமிராமலே சொல்கிறார்: "ஏம்மா, இதுக்குன்னே வகுப்புல உக்காந்து படிச்சிட்டு வந்திருக்கோம். எங்களுக்குத் தெரியாதா?" சுற்றிலும் சிரிப்பு. குழாய் எட்டாத இந்தக் கரைக்குக் கோடை முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவள் மறுபடி குனிந்து தன் பக்கத்துக் களையைப் பிடுங்குகிறாள். சற்று நேரத்தில் அவரே செல்போனை நீட்டுகிறார். "ஒரு படம் எடும்மா." பிடுங்கியதில் ஒரு கொத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். வேரிலிருந்து மண் அவர் தோளில் உதிர்கிறது. தண்டில் கம்பியால் கட்டிய மஞ்சள் அட்டையொன்று வெயிலில் ஆடுகிறது. அதில் போன மழைக்காலத் தேதி. அடியில், நட்டவர் என்று கொட்டை எழுத்தில் அவர் பெயர். அவள் திரையைப் பார்த்தபடி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொல்கிறாள்: "இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க சார். பேரு நல்லா விழட்டும்."