வேம்பாரிலிருந்து வந்த வாசகி

நாவலாசிரியை வடிவம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். இன்று வருவதாகக் கடிதம் போட்டிருந்த முத்துக்கனி, வேம்பாரிலிருந்து கரியில் ஓடும் பஸ்ஸில் வந்து வாசலில் நின்றாள்.

“யக்கா, உங்க கதையை நாலு தடவ படிச்சிட்டேன். புருசன் விட்டுட்டுப் போன பொம்பளை மனசு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கேள்விப்பட்டதுதாம்ளா. உன் வீட்டுக்காரரு என்ன செய்யுதாரு?”

“நாடகத்துல கோமாளி. ஊரே சிரிக்குதுன்னு எங்கப்பா ஒருநாள் அவரை வாசல்ல நிறுத்தி ஏசிட்டாரு. அன்னைக்குப் போனவருதான். ஒம்பது வருசமாச்சு.”



“இப்ப வந்து நின்னா சேத்துக்கிடுவியா?”

“அதை அவருல்லா வந்து கேக்கணும்?”

வடிவம்மாள் முக்காட்டை இன்னும் முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். முத்துக்கனி அதைப் பார்த்திருந்துவிட்டு, சுருக்குப்பையிலிருந்த ஆத்தூர் வெற்றிலையில் பாக்கு வைத்து மடித்து நீட்டினாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேன்.”

அவள் தெருமுனை திரும்பியதும், கதவைச் சாத்திவிட்டுத் தலையிலிருந்த டோப்பாவைக் கழற்றினான் தாணுலிங்கம். நாடகக் கம்பெனியில் கிழவி வேஷத்துக்குப் பேர்போன கோமாளி அவன். வடிவம்மாள் என்ற பெயரில் கதை எழுதுகிறவனும் அவன்தான்.

கட்டிய பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியவில்லையே என்று நினைத்தபடி கவனமில்லாமல் வெற்றிலையை வாயில் போட்டு மென்றான்.

அதில் சுண்ணாம்பு இல்லை.

துளி சுண்ணாம்பு பட்டாலும் அவன் நாக்கு வெந்துபோகும் என்பது இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.